அம்பாசிடரில் அகல டயர்: கட்டிங் வீலைக் கையில் எடுப்பதற்கு முன்

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய அம்பாசிடர், இசுசு 1.8 பெட்ரோல் இஞ்சின், இப்போது டர்போ ஏற்றும் வேலை நடக்கிறது. பின்னால் 275/60 ஆர் 15 டிராக் ரேடியல் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான, நன்றாக ஒட்டிப்பிடிக்கிற டயர்) போட்டு 400 மீட்டர் ஓட்டத்துக்குக் கொண்டுபோக ஆசை. சேஸை வெட்டாமல் அந்த டயர் உள்ளே போகுமா, வெட்டினால் எவ்வளவு வெட்டலாம், ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் ஏற்காடு போய்வர முடியுமா என்பது கேள்வி. டயருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, முடிந்தால் அந்த அட்வான்ஸை 235/60 ஆர் 15க்கு மாற்றிக்கொள்ளுங்கள். 275 போட முடியாது என்று சொல்லவில்லை, போடலாம். ஆனால் அதற்கு வண்டிக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் சைடு மெம்பரைத் தொட வேண்டிவரும், பின் அச்சை மூடியிருக்கும் ஆக்சில் ஹவுசிங்கைக் குறுக்க வேண்டிவரும், உள் மட்கார்டைப் பிளந்து பின் சீட்டைச் சுருக்க வேண்டிவரும். அவ்வளவும் முடிந்தபிறகு அப்பாவின் வண்டி ரோட்டில் ஓட்டுகிற வண்டியாக இருக்காது. 235 என்றால் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி, வண்டியின் எலும்பை வெட்டாமல் முடிக்க வாய்ப்பு இருக்கிறது. இனி விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பாதி தெரிந்து இறங்கியவர்களின் வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

அம்பாசிடருக்குத் தனி சேஸ் கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 தான் நம் அம்பாசிடர்; தரை, தூண், கூரை எல்லாம் ஒரே கூடாகச் சேர்த்துப் புள்ளி வெல்டு அடித்த பாடி. அடியில் குனிந்து பார்த்தால் நீளமாக இரண்டு பெட்டி வடிவ உறுப்புகள் தெரியும், அவை சைடு மெம்பர்கள். தகட்டை மடித்துத் தரையோடு ஒட்டிச் செய்தவை. தரைத்தகடு, சைடு மெம்பர், கதவுக்குக் கீழே ஓடும் சில் மூன்றும் சேர்ந்துதான் பலம். ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் அசையும். மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படியில்லை, அதற்குத் தனி சேஸ் உண்டு, பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேலை பார்க்கலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் வெல்டிங் கைகள் எல்லாம் லாரியில் பழகியவை. லாரி சேஸ் என்பது தடித்த சி சேனல் இரண்டு, நடுவில் குறுக்குச் சட்டங்கள். அதை நீட்டுவதும் பிளேட் வைத்து ரிவெட் அடிப்பதும் நம்மவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் தைரியத்தில் அம்பாசிடர் சைடு மெம்பரை வெட்டினால், தகடு மெல்லியது, சூடு பட்டதும் சுருங்கும், சுருங்கிய பக்கம் வண்டியே இழுத்துக்கொள்ளும். நம்மூர் வெல்டர்களின் திறமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வேலை எடுக்கும் முன் அவரிடம் 'இது மோனோகாக் (ஒரே கூடான பாடி), லாரி இல்லை' என்று ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள், அவ்வளவுதான்.

சரி, அளவுக்கு வருவோம். எல்லாரும் டயரிலிருந்து தொடங்குகிறார்கள். வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் பட்டையின் வெளிவிளிம்பிலிருந்து மட்கார்டு உதட்டின் உள்விளிம்பு வரை எவ்வளவு இருக்கிறது? அதுதான் உங்கள் சொத்து. ஒவ்வொரு வண்டியும் டிங்கர் வேலை பார்த்த லட்சணத்தைப் பொறுத்து மாறும், இடதும் வலதும்கூட ஒன்றாக இருக்காது. இரண்டு பக்கமும் அளந்து குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக 230 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மட்கார்டு உதட்டை உள்பக்கமாக மடித்து அடித்தால் இன்னொரு 10 கிடைக்கும், ஆக 240.

இப்போது டயர். 275/60 ஆர் 15 என்றால் பக்கவாட்டுப் புடைப்போடு அகலம் 275. தரையில் படும் அகலம் அதைவிடக் குறைவு. நமக்கு இடிக்கப்போவது புடைப்புத்தான், அதனால் 275ஐத்தான் எடுக்க வேண்டும். உள்பக்கம் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவில் 20 மில்லிமீட்டராவது வேண்டும், வெளியே உதட்டுக்கு 15. மொத்தம் 310. கையில் 240 இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு 70 குறைகிறது. 235 டயருக்கு அதே கணக்கு 270, குறைவது 30 மட்டும். எழுபதுக்கும் முப்பதுக்கும் இருக்கிற இந்த வித்தியாசம்தான் என் மொத்தப் பதிலும்.

உயரத்தையும் பாருங்கள். 275/60 ஆர் 15இன் விட்டம் 711 மில்லிமீட்டர், அதாவது 28 அங்குலம். அம்பாசிடரின் பழைய 5.90-15 அதைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் குட்டை. அந்த வித்தியாசம் மட்கார்டின் மேல்பக்கம் இடிப்பதோடு நிற்காது, கியர் விகிதத்தையும் உயர்த்திவிடும். கிளம்பும்போது வண்டி சோம்பலாக நகரும். 235/60 ஆர் 15 663 மில்லிமீட்டர், பழைய டயருக்கு மிக நெருக்கமான உயரம்.

டயர் கம்பெனி அட்டவணையில் அகலம் எந்த ரிம்மில் வைத்து அளந்தது என்று எழுதியிருப்பார்கள், அதைப் படியுங்கள். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர் கூடும். இன்னொன்று, ரிம்மில் 8 அங்குலம் என்று அடித்திருப்பது டயர் உட்காரும் இடத்தின் உள் அளவு. ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பார்த்தால் சுமார் 9 அங்குலம் வரும். இந்த ஒரு அங்குலத்தை மறந்து ரிம் வாங்கி, பிறகு ரிம்மை வெளியே தள்ளிவைக்கிற ஸ்பேசர் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர்.

பேக்ஸ்பேசிங் என்பது ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு, உள்விளிம்பின்மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அங்கிருந்து ரிம் ஆக்சிலில் உட்காரும் முகம் வரை டேப் விட்டு அளப்பது. 15க்கு 8 ரிம்மின் முழு அகலம் 229 மில்லிமீட்டர். பேக்ஸ்பேசிங் 114 என்றால் மீதி 115 வெளிப்பக்கம். டயர் ரிம்மைவிட ஒவ்வொரு பக்கமும் 23 புடைக்கும். ஆக, உதட்டிலிருந்து ஆக்சில் ஃபிளாஞ்சு (ரிம்மைப் பூட்டும் தட்டு) முகம் வரை 15, 23, 115 மூன்றையும் கூட்டினால் 153. வண்டியின் இடது உதட்டிலிருந்து வலது உதடு வரை 1540 என்று வைத்தால், இரண்டு பக்கமும் 153 கழித்து, ஃபிளாஞ்சுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவில் 1234 இருக்க வேண்டும். உங்கள் ஹவுசிங் அதைவிட எவ்வளவு நீளமோ அவ்வளவு குறுக்க வேண்டும், அல்லது அந்த வித்தியாசத்தை ரிம் ஆஃப்செட்டில் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது உட்காரும் முகம் தள்ளியிருக்கும் அளவு) பிடிக்க வேண்டும். 235க்கு இந்த வித்தியாசம் சின்னதாக இருக்கும், முன்சக்கர இழுவைக் கார்களுக்கு வருகிற மாதிரி உள்பக்கம் ஆழமான 15க்கு 7 ரிம்மிலேயே பல வண்டிகளில் சரியாகிவிடும். போல்ட் வட்டம் பொருந்துகிறதா என்று பார்த்து, டிரம்மில் ரிம் இடிக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் போதும்.

எண்களை நம்பி மட்டும் வெட்டாதீர்கள். தெர்மாகோல் ஷீட் நாலைந்து வாங்கி, பெவிகால் போட்டு ஒட்டி, 711க்கு 275 அளவில் ஒரு உருளை அறுத்துக்கொள்ளுங்கள். டயர் தோளின் வளைவையும் உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங்கில் மெயின் பட்டையை மட்டும் விட்டு மற்ற பட்டைகளைக் கழற்றிவிட்டால், ஆக்சிலை ஜாக்கி வைத்து மேலே பம்ப் ஸ்டாப் (ஆக்சில் பாடியில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) வரை தூக்க முடியும். பொய் டயரை மாட்டி முழுக்கத் தூக்குங்கள், இறக்குங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு மூன்று அங்குலம் தூக்கிப் பாருங்கள். டயர் சாயும்போது மேல்முனை உள்ளே போகும், அங்கேதான் தேய்க்கும். தெர்மாகோலில் பள்ளம் விழுந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் குறி வையுங்கள். முந்நூறு ரூபாய் பொருளில், ஒரு மத்தியான நேரத்தில், வண்டி உங்களுக்கே சொல்லிவிடும் எங்கே எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

இனி ஸ்பிரிங்கை உள்ளே நகர்த்துவது. முன்முனைக் கண் ஒரு பிராக்கெட்டில் இருக்கிறது, பின்முனை ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்குகிறது, நடுவில் யூ போல்ட்டால் ஆக்சில் மேல் இருக்கும் பேடில் கட்டியிருக்கிறது. இந்த மூன்றும் ஒரே அளவு உள்ளே வர வேண்டும். முன் பிராக்கெட்தான் முக்கியம். வண்டியை முன்னுக்குத் தள்ளுகிற விசை முழுவதும் அந்தக் கண் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. அதனால் புது பிராக்கெட்டை 5 மில்லிமீட்டர் தகட்டில் பெட்டியாகச் செய்து, சைடு மெம்பரோடும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் குறுக்குச் சட்டத்தோடும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும்; வெறும் தரைத்தகட்டில் ஒட்டினால் நாலாவது ஓட்டத்தில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். ஷேக்கிளுக்கு, சைடு மெம்பரில் துளை போட்டுக் குழாய் நுழைத்து இரண்டு பக்கமும் சுற்றிப் பற்றவையுங்கள், துளையை மட்டும் போட்டு புஷ் அடிப்பது போதாது. இரண்டு ஸ்பிரிங்கும் இணையாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, குறுக்காக நூல் பிடித்து, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பாருங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்பச் செய்யுங்கள்.

30 மில்லிமீட்டர் நகர்த்துவது அநேகமாக இதோடு முடியும். 70 என்றால் அடுத்த தடை சைடு மெம்பரே. ஆக்சிலுக்கு மேலே அது வளைந்து ஏறுகிற இடத்தில் அதன் வெளிச்சுவர் டயரின் வழியில் நிற்கும். வெளிச்சுவரை வெட்டி உள்ளே தள்ளி, 3 மில்லிமீட்டர் தகட்டால் திரும்ப மூட வேண்டும். என் கணக்கில் அந்தப் பெட்டியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் அரைகுறையாகக் கொறிக்காமல், பின்பாதியையே எடுத்துவிட்டு இரண்டுக்கு மூன்று அங்குலச் செவ்வகக் குழாயில் புதுச் சட்டம் கட்டுவதுதான் நேர்மையான வழி. அமெரிக்காவில் பேக் ஹாஃப் என்று சொல்வது அதைத்தான். அங்கே ஸ்பிரிங் பட்டையை ஒழித்துவிட்டு ஆக்சிலை நாலு தண்டால் பிடிக்கும் ஃபோர் லிங்க்கும், ஷாக் அப்சார்பர்மேல் சுருள் ஸ்பிரிங் ஏற்றிய காயில் ஓவரும் போடுவார்கள். அது நன்றாகச் செய்தால் அருமையான வேலை, ஆனால் அது வேறு வண்டி. அப்பாவின் அம்பாசிடர் முன்பாதியோடு நின்றுவிடும்.

வெட்டுவதற்கு முன் துருவைப் பாருங்கள். ஸ்பிரிங் பிராக்கெட் ஓரம், ஷேக்கிள் ஓரம், பின் சீட்டுக்கு அடியில் உள்ள மூலைகள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்த தகடு பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தில் கூரான ஊசியைக் குத்திப் பாருங்கள். அதன்மேல் புது பிராக்கெட் வைத்தால் பயன் இல்லை, முதலில் அந்தத் தகட்டை மாற்ற வேண்டும்.

அப்புறம் கதவு. நான் என் முதல் வண்டியில் செய்த தவறு இது, நீங்கள் செய்யக் கூடாது. உள் மட்கார்டையும் சைடு மெம்பரின் ஒரு துண்டையும் ஒரே நாளில் வெட்டினோம், வண்டி நாலு ஸ்டாண்டில் நின்றது, கதவு வாசலில் எந்தத் தாங்கலும் கொடுக்கவில்லை. மாலையில் வெல்டிங் முடிந்து பின்கதவைச் சாத்தினால் பூட்டு விழவில்லை. இடைவெளியில் ஐந்து ரூபாய் நாணயத்தை விட்டுப் பார்த்தேன். மேலே தாராளமாக நுழைந்தது, கீழே விளிம்புகூட நுழையவில்லை. பின்பாகம் தன் எடையில் தொங்கிவிட்டது, தொங்கிய நிலையிலேயே பற்றவைத்துவிட்டோம். அதைத் திரும்ப வெட்டிச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. ஒரு அங்குலச் சதுரக் குழாயைக் கதவு வாசலில் குறுக்கே எக்ஸ் போல இரண்டு பக்கமும் புள்ளி வெல்டு வைத்திருந்தால் அந்த மூன்று வாரம் மிச்சம். ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் பின்னும் கதவு இடைவெளியை நாலு இடத்தில் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். ஸ்டாண்டு ஆக்சிலுக்கு அடியிலும் முன் சஸ்பென்ஷனுக்கு அடியிலும் இருக்கட்டும், வண்டி ரோட்டில் நிற்கிற மாதிரி எடை விழ வேண்டும்.

வெல்டிங் சிஓடூவில்தான் (வாயுக் காப்பில் கம்பி ஊட்டிப் பற்றவைப்பது), குச்சி வெல்டிங் இந்தத் தகட்டுக்கு வேண்டாம். ஒரே இழுப்பில் ஓட்டாமல் ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் எதிர்முனையில், ஆறவிட்டு மறுபடி. உள் மட்கார்டுக்கு, நடுவில் நீளவாட்டில் பிளந்து உள்பாதியை வேண்டிய அளவு நகர்த்தி, இடைவெளியில் 18 கேஜ் தகட்டுப் பட்டை வைத்து மூடுவதே எளிது. முழுவதையும் புதிதாக அடிக்கத் தேவையில்லை. முடிந்ததும் சந்துகளில் சீலர் போடுங்கள். போடாவிட்டால் முதல் மழையில் டிக்கிக்குள் தண்ணீர் நிற்கும். வெல்டிங் தொடங்கும் முன் பெட்ரோல் டாங்க்கையும் லைனையும் கழற்றி வெளியே, தூரமாக வையுங்கள். பேட்டரி ஒயரையும் எடுத்துவிடுங்கள்.

ஆக்சில் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ஹவுசிங்கைக் குறுக்குவது நல்ல லேத் பட்டறையில் முடிகிற வேலைதான். குழாய்களை வெட்டி, கடைந்து தேய்த்த ஒரு நேரான தண்டை பேரிங் இடங்களின் வழியாக நுழைத்து, அது சுலபமாகச் சுற்றுகிற நிலையிலேயே வெல்டு வைக்க வேண்டும். சூட்டில் குழாய் வெல்டின் பக்கமாக இழுக்கும்; தண்டு இறுகினால் அதுவே காட்டிக்கொடுக்கும். பல ஹவுசிங்குகளில் பினியன் (இஞ்சின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொடுக்கும் சின்னப் பல்சக்கரம்) நடு மையத்தில் இருக்காது, ஒரு குழாய் நீளம், ஒன்று குட்டை. அதனால் இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் சக்கரம் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். சக்கரத்தின் மையத்தைப் பாடியின் மையக்கோட்டோடு சேர்த்து அளந்து வெட்டுங்கள்.

ஆனால் ஆக்சில் ஷாஃப்ட்டை நடுவில் வெட்டி வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படிச் செய்து கொடுத்தார்கள். வெல்டைக் கடைந்து மெருகேற்றி, எங்கே ஒட்டியது என்றே தெரியாத மாதிரி. கொண்டலாம்பட்டி பைபாஸில் காலை ஆறு மணிக்கு, காலி ரோட்டில், இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார். ஒரு சத்தம், வண்டியின் வலது மூலை தரையில் உட்கார்ந்தது, சக்கரம் டிரம்மோடு சேர்ந்து எங்களுக்கு முன்னால் உருண்டு போய் செண்டர் மீடியனில் இடித்துச் சாய்ந்தது. எதிரில் யாரும் வரவில்லை. உடைந்த முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் ஒட்டியிருந்தது, நடுப்பகுதி கறுப்பாக, வெல்டு போய்ச் சேராமலேயே இருந்தது. செமி ஃபுளோட்டிங் ஆக்சிலில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த ஷாஃப்ட்தான், அது உடைந்தால் சக்கரம் வண்டியை விட்டுப் போய்விடும். வெல்டு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தாலும் சூடு பட்ட இடத்தில் கடினப்படுத்திய எஃகின் தன்மை மாறிவிடும், பக்கத்திலேயே உடையும்.

சரியான வழி இரண்டு. பழைய ஷாஃப்ட் போதுமான பருமனில் கடைசி வரை நேராக இருந்தால் முனையை வெட்டிப் புது ஸ்ப்ளைன் (நீளவாட்டுப் பற்கள்) வெட்டலாம். நடுவில் மெலிந்துபோகிற ஷாஃப்ட்டில் இது நடக்காது. இல்லையென்றால் இ.என். 24 என்ற உறுதியான எஃகுக் கம்பியில் புதிதாகக் கடைந்து, ஸ்ப்ளைன் வெட்டி, ஹீட் டிரீட்மென்ட் கொடுத்து வாங்குங்கள். செலவு கூடுதல்தான். இந்த வண்டியில் பணத்தைச் சேமிக்க வேறு நூறு இடம் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

இதையும் யோசியுங்கள்: அம்பாசிடரின் சொந்த க்ரௌன் பினியன் அந்தக் காலத்து இஞ்சினுக்குச் செய்தது. இசுசு 1.8 தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 75 குதிரைசக்திதான். டயர் வழுக்கும்வரை டிஃபரன்ஷியலுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 275ஐப் போட்டு வழுக்கலை நிறுத்திவிட்டால் அடுத்து எது பலவீனமோ அது போகும். கிளட்ச், கியர்பாக்ஸ், ஜாயின்ட் கிராஸ், க்ரௌன். உங்கள் டர்போ எவ்வளவு தள்ளப்போகிறது என்று டைனோவில் (சக்தியை அளக்கும் மேடை) ஏற்றிப் பார்க்காமல் 275 வாங்குவது, வீடு கட்டும் முன்பே கதவு வாங்குவது மாதிரி. எடையும் உருளும் தடையும் கூடி, 235ஐவிட மெதுவாகவே ஓடவும் கூடும்.

ஸ்பிரிங் பட்டை வண்டியில் இன்னொரு தொல்லை, கிளம்பும்போது ஆக்சில் தன் அச்சில் முறுக்கிக்கொள்ளும், பினியனின் மூக்கு மேலே தூக்கும், பட்டை எஸ் போல வளையும், பிறகு விட்டுவிடும். அந்த எகிறலில்தான் ஜாயின்ட் உடைகிறது. அதனால் பேடைப் பற்றவைக்கும்போதே, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் கோட்டுக்குப் பினியன் மூக்கு 3 பாகை அளவு கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள், விசை வரும்போது நேராகும். டிராக்‌ஷன் பாரும் (ஆக்சில் முறுக்காமல் பிடிக்கும் தண்டு) போடுங்கள். பேடை முதலில் புள்ளி மட்டும் வைத்து, வண்டியை முழு எடையில் நிறுத்தி, கோணத்தைப் பார்த்தபிறகு முழு வெல்டு. முதலிலேயே முழுவதும் பற்றவைத்துவிட்டால் அந்தக் கோணத்தை மாற்ற வழியில்லை.

ஜாயின்ட் ஷாஃப்ட்டுக்கு வளையம் கட்டாயம். முன் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடும். அமெரிக்க நேர்கோட்டுப் பந்தய அமைப்பான என்.ஹெச்.ஆர்.ஏ. விதியில், ஸ்லிக் (பள்ளமில்லாத வழவழப்பான பந்தய டயர்) போட்டு 13.99 நொடிக்குள் ஓடும் வண்டிகளுக்கு முன் ஜாயின்டிலிருந்து 6 அங்குலத்துக்குள், கால் அங்குலத் தடிமனும் 2 அங்குல அகலமும் உள்ள இரும்புப் பட்டையில் முழு வளையம் இருக்க வேண்டும். நீங்கள் 16 நொடி ஓடினாலும் போடுங்கள்.

இப்போது ஏற்காடு. சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போனால் 1,500 மீட்டர் உயரம். ஸ்பிரிங்கை உள்ளே நகர்த்தும்போது யாரும் சொல்லாத ஒரு விளைவு உண்டு: வண்டி வளைவில் சாயாமல் தாங்குகிற பலம், இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவில் உள்ள தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் 1,000 என்று வைத்தால், பக்கத்துக்கு 30 நகர்த்தும்போது 940, பலம் 12 சதவீதம் குறைகிறது. 70 நகர்த்தினால் 860, பலத்தில் 26 சதவீதம் போய்விடும். அம்பாசிடர் ஏற்கெனவே வளைவில் படகு மாதிரி சாயும். அதோடு டிராக் ரேடியலின் பக்கச்சுவர் மெல்லியது, கிளம்பும்போது மடிந்துகொடுக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஓட்டத்தில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. காற்றில் ஓட்டுவது. அந்தச் சுவர் கொண்டை ஊசியில் பக்கவாட்டு எடையைத் தாங்க வந்தது இல்லை. ஐப்பசியில் குப்பனூர் வழியாகவோ அடிவாரம் வழியாகவோ ஏறிப் பாருங்கள், ரோடெல்லாம் தண்ணீர் வழியும், மூடுபனியும் சேரும்; டிராக் ரேடியலின் ஆழமில்லாத பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றாது. முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளை ஸ்லிக்கும் சேர்த்து ரோட்டில் ஓட்டுவது இன்னும் மோசம், பின்பாகம் முன்பாகத்துக்கு முன்பே பிடியை விடும். 235 வழியில் போனால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சாதாரண ரோட்டு ரேடியல் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொண்டு மாட்டிப் போகலாம், அதுவும் நிதானமாக. 275க்கு வெட்டிய வண்டியை நான் மலை ஏற்ற மாட்டேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சைடு மெம்பரை வெட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் 275 வேண்டுமென்றே முடிவு செய்தால் அதைப் பந்தயத் தளத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி, பிளாட்பெட் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே சங்ககிரி, பவானி வழியாக நமக்கு மூன்று மணி நேர தூரம்தான்.

இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது ஐம்பது வருடம் தாண்டிய வண்டி இருந்தால் ஒரு வார்த்தை. 2021இல் வந்த விதிப்படி 50 வருடத்துக்கு மேலான, அசல் நிலையில் உள்ள வண்டிக்கு வி.ஏ. எழுத்தோடு விண்டேஜ் பதிவு கிடைக்கும். சேஸிலோ பாடிக்கூட்டிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடைக்காது. 1960களின் மார்க் 1, மார்க் 2 அம்பாசிடரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கட்டிங் வீலை எடுக்காதீர்கள். அவை இனி வரப்போவதில்லை.

தம்பிக்கு, வேலை முடிந்தபிறகு செய்ய வேண்டியது. முதல் 50 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு யூ போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் திரும்ப இறுக்குங்கள். புதுப் பட்டையும் புதுப் பேடும் உட்காரும்போது கட்டாயம் தளரும். பந்தயத் தளத்தில் பத்து முறை கிளம்பிய பிறகு வண்டியைத் தூக்கி, முன் பிராக்கெட் வெல்டுகளைச் சுத்தமாகத் துடைத்து, விரிசல் பார்க்கிற சிவப்புச் சாயத்தை அடியுங்கள், மூன்று டப்பா செட்டாகவே விற்கிறது. பத்து நிமிடம் விட்டு, கிளீனர் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு மெல்ல மேலே வரும். கோடு வந்தால் அதன்மேலேயே வெல்டு வைக்காமல், அந்த இடத்தைக் கிரைண்டரால் அடி வரை தோண்டிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன்னால், இந்த வாரமே, சக்கரத்தைக் கழற்றி இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கிலிருந்து உதடு வரை அளந்து, உதட்டிலிருந்து உதடு, ஃபிளாஞ்சிலிருந்து ஃபிளாஞ்சு அளவையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நாலு எண்ணும் கிடைத்தால் 235க்கு எந்த ஆஃப்செட் ரிம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.